போவதற்கு ஒரு வீடு

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், ஒண்டியாள். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மகளைக் கட்டிக்கொடுத்தது நாமக்கல் பக்கம். பல வருஷமாக, ராத்திரி ஏழு மணி வாக்கில் ஒரு எவர்சில்வர் டம்ளரோடு எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார். "கொஞ்சம் உறைமோர் ஊத்து கண்ணு." ஊற்றுவது இரண்டு கரண்டி. அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் கால் மணி. எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டு மாடு சினை, ஓசூர்ப் பேரன் போனில் என்ன சொன்னான், எல்லாம் அந்தக் கால் மணிக்குள் வந்துபோகும். ஒருமுறை ஏதோ சாமான் வாங்க அவர் சமையற்கட்டு வரை போனேன். மூடி போட்ட சட்டியில் கெட்டித் தயிர் இருந்தது, எங்கள் வீட்டுத் தயிரைவிட நல்ல தயிர். பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

2020 ஜூலையில் நாலு வீடு தள்ளி ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. தெருவின் இரண்டு முனையிலும் கம்பு நட்டுத் தகரம் அடித்தார்கள். பிளீச்சிங் பவுடர் வாசலுக்கு வாசல் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, பதினான்கு நாள். ஆயா தன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பார். மொட்டைமாடியிலிருந்து ஒரு நாள் சத்தம் போட்டுக் கேட்டேன், மகன் போன் பண்ணுகிறானா என்று. "ரண்டு வேளையும் பண்றான். பேசறதுக்கு ஆளில்லேன்னா சொன்னேன்? போறதுக்கு ஒரு ஊடு இல்ல கண்ணு" என்றார்.

அந்தப் பேச்சை அன்றிலிருந்து மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தனிமையைப் பற்றி நான் படித்த பல ஆய்வுகள் சுற்றிவளைத்துத் தொடும் இடத்தை அவர் ஒரே மூச்சில் தொட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி சேலத்தின் வடக்கு ஓரத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தைப் பார்த்தபடி இருக்கும் ஊர். நகரம் மனை மனையாக வந்து ஊரின் மேல் ஏறிவிட்டது. பழைய தெருக்களில் மூன்று தலைமுறைப் பேச்சுவார்த்தை. புது நகர்களில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மின்சார அட்டையில் பார்த்தால்தான் தெரியும். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. மறுநாள் முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. அது நீண்டுகொண்டே போனது. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சி எல்லைக்குள் மளிகைக் கடைகூடத் திறக்காத முழு ஊரடங்கு. விலகி இரு, வீட்டில் இரு என்று வானொலியும் ஆட்டோ ஒலிபெருக்கியும் சொல்லிக்கொண்டே இருந்தன.

நோய் வந்த வீட்டுக் கதவில் ஒட்டிய காகிதத்தில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்று இருந்தது. தமிழில் இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அறை இருக்கிறது! விரும்பித் தனித்திருப்பதும் தனிமை, ஆளில்லாமல் தவிப்பதும் தனிமை, அதிகாரி வந்து பூட்டுவதும் தனிமைப்படுத்தல். மருத்துவ ஏற்பாட்டுக்கும் மனத்தின் வேதனைக்கும் ஒரே வேர்ச்சொல். அந்தக் காகிதத்தை ஒட்டியவர் நினைத்ததைவிடக் கூடுதலாக அது சொல்லிவிட்டது. தொல்காப்பியத்தின் உரியியல் 'புலம்பு' என்ற சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் தருகிறது. இன்று புலம்புவது என்றால் கேட்க ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்விட்டு அரற்றுவது. தனித்திருப்பதைக் குறித்த சொல், தனித்திருப்பவர் செய்யும் காரியத்தின் பெயராகிப்போனது. இரண்டாயிரம் வருஷத்தில் ஒரு சொல் நடந்த தூரத்தை நினைத்தால் மனசு கனக்கிறது. எங்கள் சேலத்துப் பேச்சில் 'தனியா இருக்கேன்' என்பதைவிட 'ஒண்டியா கெடக்கறேன்' என்பார்கள். கிடப்பது என்றால் யாரோ போட்டுவிட்டுப் போனது போல.

'சமூக விலகல்' என்ற சொல் அந்த மார்ச்சில் புழக்கத்துக்கு வந்தபோது பலருக்கு உறுத்தியது. உலக சுகாதார நிறுவனமே அந்த மாதத்தில் சமூக இடைவெளி என்பதை விட்டு உடல் இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. உடல்தான் விலக வேண்டும், உறவு விலக வேண்டாம் என்பது அதன் விளக்கம். தமிழிலும் பிறகு 'தனிமனித இடைவெளி' ஆயிற்று. ஆனால் நம் ஊர்களில் உறுத்தலின் காரணம் வேறு. விலகி நில், தொடாதே, அந்தப் பக்கமாகப் போ என்பவை வைரஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே சில தெருக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. சேரியிலிருந்து பார்த்தால் ஊரடங்கு என்பது ஊரே சில மாதம் அனுபவித்துப் பார்த்த பழைய விஷயம்.

ஊர் விலக்கு என்ற தண்டனையை இங்கே நினைக்க வேண்டும். கட்டப் பஞ்சாயத்து ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைக்கும்போது என்னென்ன தடை போடும்? அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காதே, அடுப்புக்கு நெருப்பு கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே, நல்லது கெட்டதுக்குப் போகாதே, துணி வெளுக்காதே, முடி வெட்டாதே. கணவன் மனைவியைப் பிரி என்றோ, பிள்ளைகளோடு பேசாதே என்றோ அந்தப் பட்டியலில் பொதுவாக இருப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் பாசத்தை அப்படியே விட்டுவிட்டு, வாசலைத் தாண்டிய கொடுக்கல் வாங்கலை மட்டும் அறுத்தால் போதும், குடும்பம் மண்டியிட்டுவிடும் என்று அந்தக் கொடுமைக்காரர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மகாராஷ்டிரம் இந்த வழக்கத்தைக் குற்றமாக்கி 2016இல் தனிச் சட்டமே இயற்றியது.

இதே விஷயத்தை ஆய்வாளர்கள் வேறு வழியில் வந்தடைந்தார்கள். ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய நூலில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். நெருங்கிய ஒருவர் இல்லாத வெறுமை ஒன்று. தானும் ஒரு கூட்டத்தில் சேர்த்தி என்ற உணர்வு இல்லாத வெறுமை இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை நிரப்ப முடியாது என்பது அவருடைய முக்கியமான முடிவு. மகனின் இரண்டு வேளை போன் முதல் பள்ளத்தைத்தான் நிரப்பும். அதே 1973இல் இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளரான மார்க் கிரானவெட்டர் தளர்ந்த உறவுகளின் வலிமையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். வேலை, செய்தி, வாய்ப்பு எல்லாம் நெருங்கியவர்களைவிட அரைகுறை அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்று காட்டினார். 2014இல் கனடாவின் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும், அத்தகைய லேசான அறிமுகங்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேச்சு நடந்த நாட்களில் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியாகவும் ஒட்டுதலாகவும் உணர்ந்ததைப் பதிவு செய்தார்கள். பால்காரர், கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், குழாயடியில் பின்னால் நிற்பவர். பெயர்கூட முழுதாகத் தெரியாத இவர்களை நாம் உறவு என்று எண்ணுவதில்லை. இழந்த பிறகுதான் எண்ணுகிறோம்.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை எனக்கு மறக்காது. 40 பேரைத் தனித்தனி அறையில் பத்து மணி நேரம் போன், பேச்சு, மனித முகம் எதுவும் இல்லாமல் வைத்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்களைப் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையைப் படமெடுத்தபோது, பசித்தவர் சோற்றுப் படத்தைப் பார்க்கையில் நடுமூளையின் எந்தப் பகுதி துடித்ததோ, தனித்திருந்தவர் மனிதர்கள் கூடியிருக்கும் படத்தைப் பார்க்கையிலும் அதே பகுதி துடித்தது. 2020இல் வெளியான இந்த ஆய்வின் சோதனைகள் கொரோனாவுக்கு முன்பே முடிந்திருந்தன. ஆளுக்கு ஏங்குவதும் ஒரு பசி என்றால், அதைத் தணிப்பதை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, வலுவான சமூக உறவு உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் ஊரடங்குக் காலம் ஆய்வாளர்களுக்கு ஓர் அதிர்ச்சி வைத்திருந்தது. தனிமை வெள்ளமாகப் பெருகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் 1,545 பேரை 2020 ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை மூன்று முறை கேட்டுப் பார்த்ததில் சராசரித் தனிமை உணர்வு சொல்லும்படியாக ஏறவில்லை. தங்களுக்குப் பிறர் ஆதரவு கூடியிருப்பதாகக்கூடச் சொன்னார்கள். பிறகு பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது ஏற்றம் இருந்தது, ஆனால் சிறிய ஏற்றம். இங்கிலாந்தில் இளைஞர்களும் தனியே வசிப்பவர்களும் வருமானம் குறைந்தவர்களும்தான் அதிகம் வாடினார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பை நான் நம்புகிறேன், ஒரு தயக்கத்தோடு. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் கேட்கப்படுபவை சில எளிய கேள்விகள்: துணையில்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை தடவை தோன்றுகிறது, பிறரிடமிருந்து பிரிந்திருப்பதாக எத்தனை தடவை தோன்றுகிறது. எங்கள் தெரு ஆயாவிடம் இதைக் கேட்டால் "எனக்கென்ன, ராசா மாதிரி மகன் இருக்கான்" என்பார். அவரைப் பொறுத்தவரை தனியாக இருக்கிறேன் என்று ஒரு அந்நியரிடம் சொல்வது மகனைப் பற்றி நாலு பேரிடம் புகார் சொல்வதற்குச் சமம். மருமகள் காதுக்குப் போனால் வேறு வினை. நம் ஊர்களில் முதியவர்களின் தனிமை கேள்வித்தாளில் சிக்காமல் நழுவும் என்பது என் கருத்து. அது மூட்டுவலியாக, தூக்கமின்மையாக, மாத்திரை தீர்ந்துவிட்டது என்ற சாக்காக வரும். உறைமோராகவும் வரும்.

சாக்கு என்ற சொல்லை நாம் குறையாகவே பயன்படுத்துகிறோம். யோசித்துப் பார்த்தால் நம் தெருவாழ்க்கையே சாக்குகளின் மேல் நிற்கிறது. சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தேன் என்று ஒரு பெண் இன்னொரு வீட்டுக்குள் நுழைவது இங்கே சுலபமில்லை. வேலை வெட்டி இல்லையா என்று கேட்பார்கள். ஆகவே கையில் ஒரு டம்ளர் வேண்டும். கறிவேப்பிலை வேண்டும், தோசைமாவு வேண்டும், சீட்டுப் பணம் கொடுக்க வேண்டும். 1989இல் தருமபுரியில் தொடங்கி சில வருஷத்தில் சேலத்துக்கும் வந்த மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கடன் திட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். கடன் உண்மைதான். ஆனால் மாமியார் கேள்வி கேட்க முடியாதபடி வாரம் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியே போய்ப் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு பாய் விரித்து உட்கார அது கொடுத்த சாக்குக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை. ஊரடங்கில் குழுக் கூட்டம் நின்றது. வீடு நிறைய ஆள் இருந்தும் பல பெண்கள் அப்போதுதான் ஒண்டியானார்கள். கணவன் கை நீட்டுகிறவனாக இருந்தால் குழாயடி என்பது அடைக்கலமும்கூட; தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வீட்டு வன்முறைப் புகாருக்கென்று வாட்ஸ்அப் எண்ணே அறிவிக்க வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஊரடங்கு சோற்றை நிறுத்தவில்லை. ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது, டோக்கன் வீடு தேடி வந்தது, காய்கறி வண்டி தெருவுக்கு வந்தது. அது எடுத்துக்கொண்டது சாக்கை.

நோய்க்காக ஒதுங்கியிருப்பது நமக்குப் புதிதா? இல்லவே இல்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அதுவும் ஓர் அறிவிப்புப் பலகைதான்: உள்ளே வராதே. ஆனால் அந்த வேப்பிலை சொன்னது, இந்த வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறாள் என்று. அண்டை அயலுக்கு அதில் வேலை இருந்தது. இளநீரும் நுங்கும் வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தாளிப்பு வாசனை வராமல் பக்கத்து வீட்டார் சமைக்க வேண்டும். மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீர் ஊற்றும் நாளை ஊரே எண்ணிக்கொண்டிருக்கும். பெரியம்மை 1975இல் இந்தியாவைவிட்டு ஒழிந்துவிட்டது, சின்னம்மைக்கு இன்றும் எங்கள் பக்கம் இதே முறைதான். நோயாளி தொடமுடியாதவராக இருப்பார், நினைக்கப்படாதவராக இருக்க மாட்டார். 2020இன் காகிதத்தில் நோய்க்கும் மரியாதை இல்லை, அண்டை வீட்டாருக்கும் வேலை இல்லை. ஒட்டிய மறுநாளே சனம் அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அந்த ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனும் கூட்டமில்லாமல்தான் இருந்தாள்.

கொள்ளைநோயின் கதை இன்னும் கூர்மையானது. 1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. மறுவருஷம் பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. 123 வருஷம் கழித்து 2020இல் தூசி தட்டி எடுத்த சட்டம் அதுவே. புனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைப் பிரித்து முகாமுக்கு இழுத்துப்போன கோபத்தில்தான் சாபேகர் சகோதரர்கள் 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டார்கள். 1898இல் பெங்களூரில் பிளேக் பரவியது. எல்லையை ஒட்டிய ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் நோய்ப் பகுதியிலிருந்து வருபவர்களுக்கு பிளேக் பாஸ்போர்ட் கொடுத்து, போன இடத்தில் நாள்தோறும் ஆஜர் காட்டச் சொன்னார்கள். நாளாக நாளாக, ஆட்களைப் பிய்த்தெடுப்பதைவிட ஊரைக் காலி செய்வது பலன் தருகிறது என்று அதிகாரிகளும் கண்டுகொண்டார்கள், சனங்களும் கண்டுகொண்டார்கள். எலி செத்து விழுந்தால் தட்டுமுட்டுச் சாமானோடு ஊர் மொத்தமும் வெளியேறிக் காட்டில் ஓலைக்கொட்டகை போட்டுக்கொள்ளும். கொங்குச் சீமையில் பிளேக் மாரியம்மன் என்றே கோவில் எழும்பியது, கோயம்புத்தூரில் இன்றும் இருக்கிறது.

கூட்டமாக அடைபட்ட இன்னொரு கதையும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன சேலம், திருச்சி மாவட்டத்துக் கூலிக் குடும்பங்கள் ராமநாதபுரத்து மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டன. இலங்கை அரசு நடத்திய முகாம் அது. புகை போட்டார்கள், அம்மை குத்தினார்கள், நாள்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அவமானம் நிறைந்த இடம். ஆனாலும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் ஒரு கங்காணியின் கூட்டம் கூட்டமாகவே அடைபட்டது. 

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்குப் போய்விடக் கூடாது. பிளேக் வீட்டிலிருந்த எலியிலும் தெள்ளுப்பூச்சியிலும் இருந்தது, அதனால் வீட்டைவிட்டு ஓடுவது சரி. கொரோனா மனிதர் மூச்சில் இருந்தது, அதனால் வீட்டுக்குள் இருப்பது சரி. 2020இல் ஊரோடு கொட்டகை போட்டிருந்தால் ஊரோடு போயிருப்போம். நான் சொல்ல வருவது அளவைப் பற்றி. அன்று ஒதுங்கியது ஊர். 2020இல் ஒதுங்கியது வீடு, பிறகு வீட்டுக்குள் அறை. ஊராக ஒதுங்கினால் உறைமோர் கேட்க முடியும்.

2003இல் சார்ஸ் நோய்க்காக டொராண்டோவில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களில் 129 பேரை விசாரித்தார்கள். 28.9 சதவீதம் பேரிடம் மனக்காயத்தின் அறிகுறிகள் இருந்தன, நாள் நீள நீள அவை கூடின. 2020 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு இப்படி 24 ஆய்வுகளைத் தொகுத்து, ஒதுக்கிவைக்கும் காலம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையட்டும், ஏன் என்று விளக்கமாகச் சொல்லுங்கள், சோறும் மருந்தும் தட்டாமல் கொடுங்கள், பிறர் நலனுக்காகச் செய்கிறீர்கள் என்று நன்றி சொல்லுங்கள் என்று எழுதியது. கடைசி வரிக்காக அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். வேப்பிலை செய்த காரியம் அது.

சேலத்தில் கட்டாயத் தனிமையைப் பேசும்போது விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவாவைத் தாண்டிப்போக முடியாது. வ.உ.சி.யோடு 1908இல் கைதானவர். திருச்சி, சேலம் சிறைகளில் கிடந்து 1912இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் இருந்தது. அந்தக் காலத்து 1898ஆம் வருஷத் தொழுநோயாளர் சட்டத்தைப் பாருங்கள்: பிச்சையெடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைக்கலாம், அரசு அறிவித்த இடங்களில் நோயாளி விற்பனைக்குச் சமைக்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை போடலாம், வாடகை வண்டியில் ஏறக் கூடாது. ஊர் விலக்கின் பட்டியலும் இந்தச் சட்டத்தின் பட்டியலும் எப்படி இவ்வளவு பொருந்துகின்றன! தண்ணீர், சோறு, வண்டி. இந்தச் சட்டத்தை நாம் 2016இல்தான் நீக்கினோம். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக்கிய பிரிவுகளை 2019இல்.

சிவாவுக்கு ரயில் மறுக்கப்பட்டது. அவர் நடந்தார். புண்ணோடு ஊர் ஊராக நடந்து கூட்டத்தில் பேசினார். அன்றைய சேலம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதா கோவில் கட்ட முனைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று அதே ஊரில் இறந்தபோது சிவாவுக்கு வயது 40. அந்த நடையைத் தேசபக்தி என்று எழுதுகிறோம், சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தன்னைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊருக்குள் நுழைய அவருக்கும் ஒரு காரியம் தேவைப்பட்டது. கோவிலுக்கு நிதி கேட்டு வருகிற மனிதரை வெறும் நோயாளி என்று திருப்பியனுப்ப முடியாது.

கொரோனாவில் எல்லாவற்றையும்விடக் கடுமையான தனிமை வார்டுக்குள் இருந்தது. நம் அரசு மருத்துவமனையில் நோயாளி என்பவர் ஒருவரல்ல, இரண்டு பேர். கட்டிலில் ஒருவர், கட்டிலுக்கடியில் பாய் விரித்துக் 'கூட இருக்கிறவர்' ஒருவர். வெந்நீர் வாங்கி வருவதும் சீட்டைக் காட்டி ஊசி போடச் சொல்லுவதும் ராத்திரி கால் பிடித்துவிடுவதும் அவர்தான். தமிழில் துணை என்ற சொல்லுக்கு அந்தப் பாய்தான் சரியான படம். 2021 மே மாதத்தில் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளோடு தற்காலிக மருத்துவமனை திறந்தார்கள். ஆயிரக்கணக்கான உயிருக்கு மூச்சு தேவைப்பட்ட நாளில் அது பெரிய காரியம். ஆனால் கொரோனா வார்டின் விதிப்படி கட்டிலுக்கடியில் பாய் கூடாது. பாதுகாப்பு உடைக்குள் இருந்த நர்சின் முகம் தெரியாது. கண்கள் மட்டும். முதுகில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள், நோயாளி கூப்பிட ஒரு பெயராவது இருக்கட்டும் என்று. அந்த எழுத்துக்கள் எத்தனை பேரைக் கரையேற்றின என்று எந்த ஆய்வும் அளக்கவில்லை.

வீட்டில் சாவு விழுந்தால் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. துக்கம் கேட்கப் போவதுதான் எங்கள் பக்கத்தில் உறவின் கடைசிப் பரீட்சை. கல்யாணத்துக்குப் போகாததை மன்னிப்பார்கள், எழவுக்குப் போகாததை மன்னிக்க மாட்டார்கள். வாசலில் பெஞ்சு போட்டு, வந்தவர் ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு என்று கேட்க, மகன் அதே கதையை நூறு தடவை சொல்லுவான். சொல்லச் சொல்லத்தான் செத்தது அவனுக்கே உறைக்கும். அந்த நூறு தடவை கிடைக்காமல் போன பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒருவர் இன்றும், இத்தனை வருஷம் கழித்தும், டீக்கடையில் யார் உட்கார்ந்தாலும் தன் அப்பா கதையை ஆரம்பித்துவிடுகிறார். சனங்கள் பொறுமையாகக் கேட்கிறார்கள். கடன் அடைகிறது.

2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் சமூக இணைப்பு ஆணையம் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார், வருஷத்துக்கு 8,71,000 சாவுகளுக்கு அதோடு தொடர்புண்டு என்கிறது. இங்கிலாந்து 2018இலும் ஜப்பான் 2021இலும் தனிமைக்கென்று அமைச்சரை வைத்தன. இந்தியாவில் 2017-18இல் நடந்த முதியோர் ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் ஒண்டியாக வசித்தார்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் முதியவர்கள். பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஊரடங்கு போனாலும் அது எடுத்த சாக்குகளில் பல திரும்பவில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது, பெண்களின் இடுப்பு வலி குறைந்தது, நல்லது. தெருக்குழாய் வரிசை போயிற்று. கரண்ட் பில் போனில் கட்டுகிறோம். தெருவை அகலமாக்கத் திண்ணைகள் இடிந்தன. வசதி ஒவ்வொன்றும் ஒரு நடையை மிச்சம் பிடிக்கிறது, அந்த நடை யாருக்கு என்னவாக இருந்தது என்று கேட்பாரில்லை. திட்டம் போடுகிறவர்கள் ஒரு வரிசையை ஒழிக்கும்போது, அந்த வரிசையில் நின்றவர் இனி எங்கே நிற்பார் என்று ஒரு பத்தி எழுதட்டும். சேவை மையத்தின் வாசலில் ஒரு கல் பெஞ்சு போடுவது பெரிய செலவில்லை.

2025 ஆகஸ்ட் 12 அன்று தமிழ்நாடு அரசு தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், மொத்தம் சுமார் 21.7 லட்சம் பேருக்கு, ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே வரும் என்றார்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இது தெய்வம் வந்த மாதிரி. எங்கள் தெரு ஆயாவுக்கும் வண்டி வந்தது. அரிசி, சர்க்கரை, பாமாயில் எல்லாம் இறக்கி, கைரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் வாயாரப் புகழ்ந்தார்.

அடுத்த வாரம் ரேஷன் கடைப் பக்கம் போனேன். வெயில் ஏறியிருந்தது. வரிசையில் ஆயா. விற்பனையாளர் ஜன்னல் வழியாகக் கேட்டார், "ஆயா, உங்களுக்குத்தான் ஊட்டுக்கே வந்துருச்சே, இங்க என்ன பண்றீங்க?" "எனக்கில்ல சாமி. இவளுக மில்லுக்குப் போயிருக்காளுக, பன்னண்டு மணிக்குத்தான் வருவாளுக. எடம் புடிச்சு வெச்சிருக்கேன்." மூன்று வீட்டுப் பைகளை வரிசையில் வைத்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்து, பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த பெண்ணோடு பேச்சு பாதியில் நின்றிருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.